பூட் ஆகும்போது ரிலே தானாக அடிக்கிறதா? ராஸ்பெரி பை அவுட்புட் பின்களில் வரும் கோளாறுகளும் தீர்வும்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டில் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) கோத்து, பைத்தானில் நாலு வரி எழுதி ஆன், ஆஃப் செய்ய அதிக நேரம் பிடிக்காது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நம் ஸ்கிரிப்ட் எழுந்து வருவதற்குள் பின்கள் தம் போக்கில் ஏதோ ஒரு நிலையில் நிற்கின்றன. ரிலே அடிக்கிறது. அதன் மறுமுனையில் எல்இடி இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் மோட்டாரோ கதவுப் பூட்டோ ஹீட்டரோ இருந்தால் அந்த மூன்று வினாடியே ஆபத்து.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கட்டளைகள், கோப்புப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழிலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எந்த நேரத்தில் கோளாறு வருகிறது?

ஒரு பின் பூட்டின்போது நான்கு கை மாறுகிறது. மின்சாரம் வந்த கணத்தில் அது சிப்பின் கையில் இருக்கிறது: எல்லாப் பின்களும் இன்புட்டாக, உள்ளே இருக்கும் புல்-அப் (ஹைக்கு, அதாவது 3.3 வோல்ட்டுக்கு இழுப்பது) அல்லது புல்-டவுன் (லோவுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு இழுப்பது) ரெசிஸ்டரோடு நிற்கும். சில வினாடி கழித்து ஃபர்ம்வேர் (கர்னலுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) எழுந்து கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பைப் படித்து, அதில் சொன்னபடி பின்களை மாற்றும். அப்புறம் லினக்ஸ் கர்னல் வந்து, டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் பட்டியலில் எஸ்பிஐ, ஐ2சி, சீரியல் (மற்றச் சாதனங்களோடு பேசும் வழிகள்) என்று யாருக்கு எந்தப் பின் ஒதுக்கியிருக்கிறதோ அதன்படி மாற்றும். கடைசியாகத்தான் உங்கள் ஸ்கிரிப்ட்.

ஆகவே முதல் வேலை, கோளாறு இந்த நான்கில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பிடிப்பது. ரிலேயின் மறுபக்கத்தில் இருக்கும் 230 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சோதனை முழுக்க அது கழன்றே இருக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைப் பின்னிலும் பிடித்துக்கொண்டு, திரையையும் பார்த்தபடி பவர் கொடுங்கள். பவர் கொடுத்த உடனே என்றால் சிப். கர்னலின் எழுத்துகள் ஓடத் தொடங்கும் முன்பே மாறினால் ஃபர்ம்வேர். எழுத்துகள் ஓடும்போது என்றால் கர்னல். லாகின் திரைக்குப் பக்கத்தில் என்றால் உங்கள் ஸ்கிரிப்ட். இதைச் செய்யாமல் கோப்புகளைத் திருத்தத் தொடங்கினால், ஒரு கட்டத்தின் கோளாறுக்கு வேறொரு கட்டத்தில் மருந்து போட்டுக்கொண்டிருப்போம்.

பூட் முடிந்த பிறகு பின்னின் நிலையைப் பார்க்க பின்சிடிஆர்எல் கெட் 17 என்று கொடுங்கள் (17 என்பது ஜிபிஐஓ எண், அதாவது பொதுப் பயன்பாட்டுப் பின்னுக்குச் சிப் வைத்திருக்கும் எண்). பழைய இமேஜ்களில் இதே வேலைக்கு ராஸ்பி-ஜிபிஐஓ கெட் 17. பின்சிடிஆர்எல்லின் பதிலில் ஐபி என்றால் இன்புட், ஓபி என்றால் அவுட்புட். பியு என்றால் புல்-அப், பிடி என்றால் புல்-டவுன். குறுக்குக்கோட்டுக்கு அப்புறம் வரும் ஹெச்ஐ, எல்ஓ இரண்டும் அந்தக் கணத்தில் பின்னில் உண்மையாக இருக்கும் நிலை.

பவர் கொடுத்த உடனே ஆன் ஆகி, சில வினாடியில் அணைகிறது

அதிகம் பேரை வாட்டுவது இதுதான். இதற்கு எந்தக் கோப்பிலும் மருந்து இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எந்தக் கோப்பும் படிக்கப்பட்டிருக்காது.

பை 4 வரையிலான போர்டுகளில், ரீசெட் ஆனதும் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ள பின்களுக்குப் புல்-அப், 9 முதல் 27 வரை உள்ளவற்றுக்குப் புல்-டவுன். உள் ரெசிஸ்டரின் மதிப்பு சுமார் 50 கிலோ ஓம். ஜிபிஐஓ 5இல் ஒரு மாஸ்ஃபெட்டின் (சுவிட்ச் போல வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) கேட் என்ற கட்டுப்பாட்டு முனையை நேரடியாகக் கோத்திருந்தால், அந்த 50 கிலோ ஓம் வழியே கேட் 3.3 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மாஸ்ஃபெட்டின் கேட் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது; அதனால் அந்தச் சின்னப் புல்-அப்பே அதைத் திறக்கப் போதும். ஃபர்ம்வேர் வந்து கீழே இழுக்கும் வரை லோடு ஓடும்.

தீர்வுக்கு இரண்டு பகுதி, இரண்டையும் செய்யுங்கள். ஹை கொடுத்தால் ஆன் ஆகும் சுற்று என்றால் 9 முதல் 27 வரைக்குள் ஒரு பின்னுக்கு மாற்றுங்கள்: 17, 22, 27 மூன்றும் பொதுவாக வேறு வேலைக்குப் போகாதவை. லோ கொடுத்தால் ஆன் ஆகும் சுற்று என்றால் 5, 6 இரண்டும் நல்ல தேர்வு, ஏனென்றால் அவை பிறக்கும்போதே மேலே இழுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, வெளியே ஒரு ரெசிஸ்டர். மாஸ்ஃபெட் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். பின்னை மாற்ற முடியாத நிலையில்கூட இது காப்பாற்றும்: உள்ளே 50 கிலோ மேலே இழுக்க, வெளியே 10 கிலோ கீழே இழுக்க, கேட்டில் நிற்பது 3.3 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.55 வோல்ட். லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் அதற்குத் திறக்காது. ஆனால் சாதாரண என்பிஎன் ட்ரான்சிஸ்டருக்கு 0.55 வோல்ட் என்பது விளிம்பில் நிற்பது. அங்கே 4.7 கிலோ ஓம் போடுங்கள், 0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

ஜிபிஐஓ 2, 3 இரண்டையும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஐ2சிக்காக அவற்றில் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அதை மீறிக் கீழே இழுக்கும் அளவுக்குச் சின்ன ரெசிஸ்டர் போட்டால் பின் ஹை ஆகும்போது கரண்ட் வீணாகும். ஜிபிஐஓ 0, 1 இரண்டும் பூட்டின்போது மேலே செருகும் போர்டின் நினைவகச் சிப்பை ஃபர்ம்வேர் தேடிப் பார்க்கும் பின்கள்; அவையும் வேண்டாம்.

ரிலேயின் வெளிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். மோட்டார் வயர் என்ஓ (ரிலே அணைந்திருக்கும்போது திறந்திருக்கும்) முனையில் இருக்கட்டும். என்சியில் (அணைந்திருக்கும்போது மூடியிருக்கும் முனை) இருந்தால் பை செத்துக் கிடக்கும்போதெல்லாம் மோட்டார் ஓடும். பூட்டின்போது ஒரு கணம்கூட ஓடக் கூடாத மோட்டார் என்றால் ரிலேயை நேரே மோட்டாரில் கோக்காமல் காண்டாக்டர் (பெரிய லோடுக்கான ரிலே) உள்ள ஸ்டார்ட்டர் வழியே கொண்டுபோவதே என் பரிந்துரை.

கான்ஃபிக்கில் வரி போட்டும் ஒன்றும் மாறவில்லை

வரி இப்படி இருக்க வேண்டும்: ஜிபிஐஓ=17=ஓபி,டிஎல். பொருள்: 17ஆம் பின் அவுட்புட், லோவில் நிறுத்து. ஹை வேண்டுமென்றால் டிஎல் இருக்கும் இடத்தில் டிஹெச். பல பின்களுக்கு 17,22,27 என்றோ 22-25 என்றோ எழுதலாம். எங்கும் இடைவெளி விடாதீர்கள். 2018 மார்ச்சுக்குப் பிந்தைய ஃபர்ம்வேர் இருந்தால்தான் இது வேலை செய்யும். அதைவிடப் பழைய எஸ்டி கார்டை வைத்துக்கொண்டிருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

வரி சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், முதல் சந்தேகம் கோப்பின் இடம். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு பூட் அடைவிலிருந்து பூட்/ஃபர்ம்வேர் அடைவுக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் இருக்கும் கோப்பைத் திறந்தால், இதைத் திருத்தாதே, கோப்பு இடம் மாறிவிட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆனால் பழைய வழிகாட்டியைப் பார்த்து ஒரே கட்டளையில் கோப்பின் கடைசியில் வரியைச் சேர்ப்பவர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது சந்தேகம், வரி விழுந்த இடம். கோப்புக்குள் சதுர அடைப்புக்குறிக்குள் சிஎம்4, பை4, பை5, ஆல் என்று தலைப்புகள் இருக்கும். சிஎம்4 தலைப்புக்குக் கீழே எழுதிய வரி கம்ப்யூட் மாட்யூல் 4இல் மட்டும்தான் செல்லும். உங்கள் சாதாரண பை 4 அதைத் தாண்டிப் போய்விடும், ஒரு பிழைச் செய்தியும் தராது. வரியைக் கோப்பின் அடியில், ஆல் தலைப்புக்குக் கீழே வையுங்கள். அந்தத் தலைப்பு இல்லையென்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, எண். கான்ஃபிக்கில் எழுதுவது ஜிபிஐஓ எண். ஹெடரில் (போர்டின் இரட்டை வரிசைப் பின்களில்) விரல் வைத்து எண்ணும் எண் அல்ல. ஜிபிஐஓ 17 இருப்பது ஹெடரின் 11ஆவது பின்னில். ஹெடரின் 17ஆவது பின்னோ 3.3 வோல்ட் சப்ளை. ரிலேயின் இன்புட் வயரை அங்கே செருகிவிட்டால் மென்பொருளில் என்ன செய்தாலும் அது ஹையிலேயே நிற்கும். டெர்மினலில் பின்அவுட் என்று தட்டினால் போர்டின் படமும் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். வயரை அதோடு ஒத்துப் பாருங்கள்.

எஸ்டி கார்டைக் கழற்றி விண்டோஸில் திருத்துகிறவர்கள், கோப்பின் பெயருக்குப் பின்னால் இன்னொரு டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வரி பிடித்தது, ஆனால் மூன்று நான்கு வினாடி தாமதமாக

அது இயல்பு. ஃபர்ம்வேர் எழுந்து கோப்பைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகும். யுஎஸ்பி டிஸ்க் அல்லது நெட்வொர்க் வழியே பூட் செய்தால் இன்னும் இழுக்கும். அந்த இடைவெளியை ரெசிஸ்டர்தான் நிரப்ப வேண்டும். மேலே இரண்டாம் தலைப்புக்கு வாருங்கள்.

முதலில் சரியாக நிற்கிறது, கர்னல் வந்ததும் மாறிவிடுகிறது

ஃபர்ம்வேர் வைத்த நிலையைக் கர்னல் வந்து மாற்றுகிறது என்று பொருள். அதே கான்ஃபிக் கோப்பில் எஸ்பிஐ=ஆன் என்ற வரி இருந்து, உங்கள் ரிலே ஜிபிஐஓ 7 முதல் 11 வரைக்குள் எங்காவது இருந்தால் அவை எஸ்பிஐக்குப் போய்விடும். 1-வயர் இயக்கியிருந்தால் ஜிபிஐஓ 4 போகும். ஐ2எஸ் ஆடியோ கார்டு என்றால் 18 முதல் 21 வரை. பின்சிடிஆர்எல் கெட் கொடுத்துப் பார்த்தால் (4, 7, 8 தவிர மற்றவற்றில்) ஓபி, ஐபி என்பதற்குப் பதிலாக ஏ0, ஏ3 போல ஒன்று தெரியும். பின் வேறொரு வேலைக்குப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எஸ்பிஐ தேவையில்லை என்றால் அணையுங்கள், தேவை என்றால் ரிலேயை நகர்த்துங்கள்.

எழுத்துகள் ஓடும்போது ரிலே டிக் டிக் என்று படபடத்தால் நேரே ஜிபிஐஓ 14ஐப் பாருங்கள். அது சீரியல் கன்சோலின் அனுப்பும் பின். கன்சோல் இயங்கினால் கர்னலின் ஒவ்வொரு செய்தியும் அந்தப் பின்னில் பிட் பிட்டாக வெளியே போகும், ரிலே அதற்கேற்பத் துடிக்கும். காண்டாக்ட் தேய்ந்துபோகும் முன் வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

பூட் முழுக்க அமைதி. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஒரே ஒரு டிக்

கடைகளில் கிடைக்கும் நீல ரிலே போர்டுகள் பெரும்பாலும் லோவில் ஆன் ஆகும் வகை. பின்னை அவுட்புட்டாக மாற்றிவிட்டு, அடுத்த வரியில் ஹை கொடுத்தால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே பின் லோவில் நிற்கும். ரிலேக்கு அவ்வளவு நேரமே போதும்.

ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்தில் செட்அப் அழைப்பிலேயே இனிஷியல் என்ற அளபுருவில் ஹை கொடுத்துவிடுங்கள். ஜிபிஐஓ ஸீரோவில், அவுட்புட் டிவைஸை உருவாக்கும்போது ஆக்டிவ்_ஹை=ஃபால்ஸ் என்று சொல்லுங்கள் (ஃபால்ஸின் முதலெழுத்து பெரியது). அப்புறம் ஆன் என்றால் ரிலே ஆன், ஆஃப் என்றால் ஆஃப். தலைகீழாக யோசிக்க வேண்டியதில்லை. கான்ஃபிக் வரி ஏற்கெனவே பின்னைச் சரியான நிலையில் வைத்திருக்கிறது, அதை ஸ்கிரிப்ட் கலைக்க வேண்டாம் என்றால் இனிஷியல்_வேல்யூ=நன் கொடுங்கள் (நன்னுக்கும் முதலெழுத்து பெரியது); இருக்கும் நிலையை அது அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ரிலே அணையவே மாட்டேன் என்கிறது

பின்னில் 3.3 வோல்ட் ஹை இருக்கிறது என்று மீட்டர் காட்டியும் ரிலே விடவில்லை, அல்லது போர்டின் சின்ன எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. போர்டின் விசிசி 5 வோல்ட்டில் இருக்கும். இன்புட்டில் நீங்கள் தருவது 3.3. நடுவில் 1.7 வோல்ட் வித்தியாசம் மிச்சம். சில போர்டுகளில் ஆப்டோகப்ளரை (ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் உறுப்பு) அரைகுறையாக எரியவிட அது போதும்.

ஜேடி-விசிசி என்று எழுதிய ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும் விசிசிக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியே கொடுங்கள். இப்போது ஹை என்றால் வித்தியாசம் பூஜ்யம். ஆனால் சில போர்டுகள் 3.3 வோல்ட்டில் ஒழுங்காக இழுக்காது. அங்கே விசிசியை 5 வோல்ட்டிலேயே விட்டுவிட்டு, நடுவில் ஒரு பிசி 547 ட்ரான்சிஸ்டர் வையுங்கள்: பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியே பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் போர்டின் இன்புட்டுக்கு. சுற்று இப்போது ஹையில் ஆன் ஆகும் வகையாக மாறிவிடும். ஆகவே பின்னை 9 முதல் 27 வரைக்குள் தேர்ந்தெடுங்கள், ஸ்கிரிப்ட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான். பைக்கு 5 வோல்ட் திரும்பி வரும் அபாயமே இல்லை, ரீசெட்டிலும் ரிலே அசையாது.

ரிலே சுருளையே நேரடியாகப் பின்னில் கோத்திருந்தால் உடனே கழற்றுங்கள். ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சாதாரண 5 வோல்ட் ரிலே சுருள் அதைப்போல நான்கைந்து மடங்கு கேட்கும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, பூட்டில் ஓடவில்லை

ஆர்சி.லோக்கல் கோப்பில் வரி சேர்க்கச் சொல்லும் வழிகாட்டிகளை விட்டுவிடுங்கள். சிஸ்டம்டி (பூட்டில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் அமைப்பு) சர்வீஸ் ஒன்று எழுதினால், என்ன நடந்தது என்று கேட்டாலாவது பதில் சொல்லும். பின்னை ஒரு நிலையில் வைத்தால் மட்டும் போதும் என்றால் டைப் ஒன்ஷாட், ரிமெய்ன் ஆஃப்டர் எக்ஸிட் யெஸ், எக்ஸெக் ஸ்டார்ட்டில் பின்சிடிஆர்எல்லின் முழுப் பாதையோடு செட் 17 ஓபி டிஹெச். இங்கே சமக்குறிக்கு இடப்பக்கம் வரும் பெயர்களைச் சேர்த்து எழுதி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

பூட்டில் மட்டும் ஓடாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சர்வீஸை ஸ்டார்ட் செய்திருப்பீர்கள், எனேபிள் செய்திருக்க மாட்டீர்கள். ஸ்கிரிப்ட்டின் பாதையை முழுதாக எழுதியிருக்க மாட்டீர்கள். சர்வீஸ் ஓடும் பயனர் ஜிபிஐஓ குழுவில் இல்லை. புக்வார்முக்கு அப்புறம் அதிகமாக வருவது ஒன்று: நூலகத்தை வர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனிப் பைத்தான் சூழல்) நிறுவிவிட்டு, சர்வீஸில் சிஸ்டம் பைத்தானைக் கூப்பிடுவது. எக்ஸெக் ஸ்டார்ட்டில் அந்த என்விரான்மென்டுக்குள் பின் (பைனரியின் சுருக்கம்) என்ற பெயருள்ள அடைவில் இருக்கும் பைத்தானையே எழுதுங்கள். ஜர்னல்சிடிஎல் -யு என்று கொடுத்துப் பக்கத்தில் சர்வீஸின் பெயரைத் தட்டினால் காரணம் வரிவரியாக வரும்.

ஓடுகிறது, ஆனால் அரை நிமிடம் தாமதம் என்றால், சர்வீஸ் நெட்வொர்க்-ஆன்லைனுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னை நிறுத்தி வைக்க இணையம் எதற்கு? அந்த ஆஃப்டர் வரியை எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் பின் நிலை போய்விடுகிறது

ஆர்பிஐ.ஜிபிஐஓவின் க்ளீன்அப், பின்னை இன்புட்டுக்குத் திருப்பிவிடும். ஜிபிஐஓ ஸீரோவும் முடியும்போது அதையே செய்யும். ஜிபிஐஓசெட் கட்டளை முடிந்து பின்னை விட்ட பிறகு என்ன ஆகும் என்பது கர்னலைப் பொறுத்தது: பழையவற்றில் இன்புட்டாகத் திரும்பும், புதியவற்றில் அவுட்புட் நிலை தங்கும். அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

நிலை தங்க வேண்டுமென்றால் பின்னைக் கர்னலிடமே ஒப்படைப்பது நல்லது. என்றைக்கும் மாறக் கூடாத பின்னுக்கு ஜிபிஐஓ-ஹாக் என்ற ஓவர்லே (கான்ஃபிக் கோப்பு வழியே டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும் திருத்தம்) இருக்கிறது. கர்னல் அதைப் பிடித்துக்கொண்டு ஹையில் வைக்கும். ஆக்டிவ்_லோ சேர்த்தால் லோவில். அவ்வப்போது மாற்ற வேண்டிய பின்னுக்கு ஜிபிஐஓ-எல்இடி ஓவர்லே. பெயர்தான் எல்இடி, ரிலேக்கும் நன்றாகவே செல்லும். சிஸ்/கிளாஸ்/எல்இடிஸ் அடைவில் அதன் பெயரில் ஒரு அடைவு வரும். அதிலுள்ள பிரைட்னஸ் கோப்பில் 1 அல்லது 0 எழுதினால் நிலை மாறும், எழுதிய ஸ்கிரிப்ட் செத்தாலும் அப்படியே நிற்கும்.

இப்படி ஒப்படைத்த பின்னைப் பைத்தானிலிருந்து தொட்டால் ஜிபிஐஓ பிஸி என்று வரும். அது கோளாறு அல்ல, காவல். ஜிபிஐஓஇன்ஃபோ கட்டளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். ஆனால் பின்சிடிஆர்எல்லும் பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓவும் கர்னலைக் கேட்காமல் நேரே சிப்பின் ரெஜிஸ்டரில் எழுதுபவை. அவற்றுக்கு இந்தக் காவல் கிடையாது. இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே பின்னைப் பிழைச் செய்தியே இல்லாமல் மாற்றி மாற்றி இழுப்பது இப்படித்தான்.

பல வருடம் ஓடிய ஸ்கிரிப்ட், அப்டேட்டுக்குப் பின் இன்வாலிட் ஆர்க்யுமென்ட் என்கிறது

சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓவில் 17ஐ எக்ஸ்போர்ட் செய்யும் பழைய முறை. 6.6 கர்னலிலிருந்து அங்கே எண்கள் 512இலிருந்து தொடங்குகின்றன. பை 4இல் 17 இப்போது 529. எண்ணை மாற்றினால் இன்றைக்கு ஓடும். ஆனால் அந்த இடைமுகமே கைவிடப்பட்டது. லிப்ஜிபிஐஓடி நூலகத்துக்கு மாறிவிடுங்கள்.

பை 5இல் ஆர்பிஐ.ஜிபிஐஓ, பெரிஃபெரல் பேஸ் அட்ரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அங்கே பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில் இருக்கின்றன. பைத்தான்3-ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ தொகுப்பை நிறுவினால் பழைய ஸ்கிரிப்ட்டைப் பெரும்பாலும் திருத்தாமலே ஓட்டலாம். சிப்பின் எண்ணைக் கையால் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்: பை 5இல் தொடக்கத்தில் ஹெடர் ஜிபிஐஓசிப்4 ஆக இருந்தது, பிந்தைய கர்னல்களில் ஜிபிஐஓசிப்0. ஜிபிஐஓடிடெக்ட் கட்டளை உங்கள் போர்டில் எது என்று சொல்லிவிடும்.

திருத்தம் எதுவானாலும், ரீபூட் செய்து மட்டும் பார்த்துவிட்டு 230 வோல்ட்டை மாட்டாதீர்கள். ரீபூட்டில் போர்டுக்கும் ரிலேக்கும் மின்சாரம் அறுவதில்லை. கரண்ட் கட்டில் இரண்டுக்கும் அறுகிறது. பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி செருகி, முதல் கணத்திலிருந்து லாகின் திரை வரை மீட்டரைப் பாருங்கள். அப்புறம் பிளக்கை ஒரே வினாடியில் பிடுங்கிச் செருகியும் பாருங்கள். மின்வெட்டு எப்போதும் நிதானமாக வருவதில்லை.